ஊர் எங்கே போயிற்று?

முதுமையைப் பாடாத இலக்கியம் நம்மிடம் இல்லை. புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய முதியவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை. அவர் ஊன்றி நின்ற தடியே அவருக்குப் பெயராயிற்று: தொடித்தலை விழுத்தண்டினார்! ஆழ்மடுவில் பாய்ந்து மணல் அள்ளிக் காட்டிய இளமை எங்கே போயிற்று என்று இரங்குகிறார் அவர். பாட்டு நிலைத்தது. ஆனால், தளர்ந்த அவரைத் தாங்கியவர் யார், சோறிட்டவர் யார் என்னும் செய்தி பாட்டில் இல்லை. நூற்றாண்டுகள் பல கடந்து, திரையில் முதுமையைத் தீட்ட வந்த கலைஞர்களேனும் அந்தச் செய்தியைச் சொன்னார்களா?

இந்தக் கேள்வியோடுதான் நைனார்பாளையத்துத் தோழர்கள் சிலருடன் அமர்ந்து மூன்று திரைப்படங்களைப் பார்த்தோம். மதுமிதாவின் ‘கே.டி. (எ) கருப்புதுரை’ 2019இல் வந்தது. பிரியா கிருஷ்ணசுவாமியின் ‘பாரம்’ 2020இல் திரைக்கு வந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. செயப்பிரகாசு ராதாகிருட்டிணனின் ‘தலைக்கூத்தல்’ 2023இல் வந்தது. மூன்றுக்கும் கரு ஒன்றே. படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய்க் குளியலாலும் இளநீராலும் ‘வழியனுப்பும்’ கொடுமை! தென் மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் அதற்குத் தலைக்கூத்தல் என்று பெயர். கொலைக்குக் குளியல் என்று பெயர் சூட்டினால் குற்றம் கழுவப்பட்டுவிடுமா? ‘ஊர் வழக்கம்’ என்னும் சொல்லுக்குப் பின்னே எத்தனை அநீதிகள் ஒளிந்து கிடக்கின்றன என்பதைப் பகுத்தறிவாளர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இந்த முகமூடியைக் கிழித்த துணிவுக்காக மூன்று படங்களையும் பாராட்டுகிறோம். குறிப்பாகப் ‘பாரம்’. அதில் வரும் கருப்பசாமி, இரவுக் காவல் வேலை பார்த்துத் தம் சோற்றைத் தாமே தேடிக்கொள்ளும் மனிதர். விபத்தில் இடுப்பெலும்பு முறிகிறது. அறுவை மருத்துவத்துக்குச் செலவாகும் என்று எண்ணும் மகன், நாட்டு வைத்தியம் போதுமென்று ஊருக்குத் தூக்கிச் செல்கிறான். இடுப்பெலும்பு முறிவு தீராப் பிணியன்று. உரிய காலத்தில் அறுவை செய்தால் எழுந்து நடப்போர் பலர். செய்யாமல் கிடத்தினால் படுக்கைப்புண்ணும் நுரையீரல் அழற்சியும் தாமே வந்து சேரும். ஆகவே, கருப்பசாமியின் கொலை இறுதி நாளில் நிகழ்ந்ததன்று; மருத்துவம் மறுக்கப்பட்ட நாளிலேயே தொடங்கிவிட்டது. அங்கே எண்ணெய்கூட இல்லை, ஊசி வந்துவிட்டது! சடங்கின் போர்வை விலகியதும் உள்ளே இருப்பது பணக்கணக்கு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தமிழ்ப் படம் வேறொன்றை நாம் கண்டதில்லை.

‘கே.டி.’ வேறு வகையில் சிறந்தது. மயக்கம் தெளிந்து எழும் கருப்புதுரை, தம்மை முடித்துவிட வீட்டார் பேசுவதைக் கேட்டு ஓடிப்போகிறார். வழியில் சந்திக்கும் ஆதரவற்ற சிறுவனோடு சேர்ந்து தம் ஆசைகளை ஒவ்வொன்றாய் நிறைவேற்றிக்கொள்கிறார். எண்பது வயதிலும் ஆசை உண்டு, நாக்குக்குச் சுவை உண்டு, வாழ்வு உண்டு என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது படம். மு. இராமசாமியின் நடிப்பில் இரக்கம் கேட்கும் முகம் இல்லை. இருக்க உரிமை கேட்கும் முகம் இருக்கிறது. ‘தலைக்கூத்தல்’ படத்திலோ, மனைவியும் சுற்றமும் நெருக்க, நினைவிழந்த தந்தையைத் தன்னந்தனியே காத்து நிற்கிறான் மகன்.

படங்கள் முடிந்தன. எங்களோடு அமர்ந்து பார்த்த மூதாட்டி ஒருவர் கேட்டார்: “ஏன் தம்பி, அந்தப் பெரியவருக்கு ஊருன்னு ஒண்ணு இல்லியா?”

நாம் எழுத எண்ணியிருந்த திறனாய்வு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது!

ஆம், ஊர் எங்கே? ‘பாரம்’ படத்தில் மருமகன் நீதி கேட்கிறான். எப்போது? மாமன் இறந்த பிறகு! ‘கே.டி.’யில் முதியவருக்கு விடுதலை கிடைக்கிறது. எப்படி? ஊரைவிட்டு ஓடிய பிறகு! ‘தலைக்கூத்தல்’ படத்தில் தந்தைக்குக் காவல் உண்டு. எதனால்? ஒரு மகன் நல்லவனாய் இருந்ததனால்! இறந்தபின் நீதி, ஓடியபின் விடுதலை, நல்ல பிள்ளை வாய்த்தால் காவல்! முதுமைக்குக் கலை காட்டும் வழி இவ்வளவுதானா? முன்னதாக வந்து நிற்கும் கை ஒன்றும் இல்லையா?

பிள்ளை நல்லவனா தீயவனா என்று மட்டும் கேட்கும் கலை, முதியவரின் வாழ்வைப் பிள்ளையின் குணத்துக்கு அடகு வைக்கிறது. கள்ளக்குறிச்சிச் சீமையின் நிலை என்ன? மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் ஊர்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகிறார்கள் பிள்ளைகள். அவர்கள் தீயவர்கள் அல்லர். தொலைவில் இருக்கிறார்கள், அவ்வளவே. நல்ல பிள்ளை தொலைவில் இருந்தால், இங்கே விழுந்த தாயைத் தூக்குவது யார்? 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். இது குடும்பக் கதையன்று, நாட்டின் கதை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அறமாகாது. 1962இல் திங்களுக்கு 20 ரூபாயுடன் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம், 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரையையும் இயன்முறை மருத்துவத்தையும் கொண்டுவருகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டால் திங்களுக்கு 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறலாம். கைவிடுவோர்க்குச் சிறைத்தண்டனையும் உண்டு.

ஆனால், தோழர்களே, படுத்துக் கிடப்பவர் நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு எப்படிப் போவார்? எழுத்தறியாத தாய் மனுவை எப்படி எழுதுவாள்? இதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. தாமே முறையிட இயலாதவருக்காக, அவர் இசைவு பெற்ற வேறொருவரோ பதிவுபெற்ற தன்னார்வச் சங்கமோ முறையிடலாம் என்கிறது அது. காப்பாற்றுவதாக எழுதி வாங்கிய சொத்தைப் பெற்றுக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம் என்கிறது. அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதுங்கள் என்று சொல்ல, கையெழுத்திடும் நேரத்தில் அருகே ஒருவர் வேண்டுமே! சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நுழைய வேண்டியவர்கள் இளைஞர்கள்.

முடியுமா என்று ஐயுறுவோர் கேரளத்தைப் பார்க்கட்டும். 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் வலிதணிப்புச் சிகிச்சைக்கு ஒரு சங்கம் கண்டனர். பின்னர் மலப்புறத்தில் அண்டை வீட்டாரே பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்போரைத் தேடிச் சென்றனர். 2008இல் அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. அவர்கள் வானத்திலிருந்து இறங்கியவர்கள் அல்லர். கடைக்காரரும் மாணவரும் இல்லத்தரசியருமே.

நம் இயக்கத்துக்கே ஒன்று சொல்வோம். தந்தை பெரியார் 94 வயதில், மூத்திரப்பையைச் சுமந்தபடி ஊர் ஊராய்ச் சென்று பேசினார். 1973 திசம்பர் 19ஆம் நாள் சென்னைத் தியாகராய நகரில் இறுதிப் பேருரை. 24ஆம் நாள் மறைவு. முதுமை சுமையன்று என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டிப் பெருமை கொள்கிறோம். அவரது மனத்திண்மை பெரிது, ஐயமில்லை. ஆனால், அந்த உடலைத் தாங்க மணியம்மையாரின் கைகள் இருந்தன, தோழர்களின் தோள்கள் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்வதே முழு உண்மை. தலைவருக்குக் கிடைத்த கைகள், களையெடுத்து முதுகு வளைந்த கூலிக்காரக் கிழவிக்கும் கிடைக்கும் நாளே தன்மான நாள்.

கலைஞர்களை ஒன்று கேட்கிறோம். அடுத்த படத்தில் கொலைகாரப் பிள்ளையைக் காட்டுங்கள், தவறில்லை. அவன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் முன்னே கதவைத் தட்டும் ஊரையும் காட்டுங்கள்.

இளைஞர்களை ஒன்று கேட்கிறோம். அப்படிப்பட்ட ஊர் ஒன்று இருந்தால்தானே அவர்கள் படம் பிடிக்க முடியும்? மாலை மன்றம் கலைந்ததும் வீடு திரும்பும் வழியில், உங்கள் தெருவில் விளக்கு எரியாத திண்ணை ஏதேனும் இருந்தால் நின்று குரல் கொடுங்கள். கேள்வி கேட்ட மூதாட்டிக்கு நாம் தரக்கூடிய மறுமொழி அது ஒன்றே.