ஒரு பகல் மட்டுமே வாழும் சிற்பம்: தொண்டை மண்டலத்தின் கூத்துப் பருவம்

பங்குனி பிறந்ததும் செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடியேற்றம் தொடங்கிவிடும். ஆடி வரை ஊர் மாற்றி ஊர் நடக்கும். பிற்பகலில் பாரதப் பிரசங்கம், இரவு முழுக்கக் கூத்து. பத்து இரவோடு நிறுத்திக்கொள்ளும் ஊர்கள் உண்டு, அதைத் தாண்டிப் போகும் ஊர்களும் உண்டு. வில் வளைப்பு, சுபத்திரை திருமணம், துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் என்று கதை இரவுக்கு இரவு நகர்ந்து, பதினெட்டாம் போருக்குப் பிறகு விடிந்ததும் படுகளத்துக்கு வந்து சேரும்.

இந்த ஆட்டத்தைப் பற்றி ஆழமாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். ந. முத்துசாமியின் 'அன்று பூட்டிய வண்டி' கட்டுரைகள் படித்த தமிழர்களைக் கூத்தின் பக்கம் திருப்பின. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இலும் 1991இலும் திரௌபதி வழிபாடு பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் கொண்டுவந்தார். ரிச்சர்ட் ஃப்ராஸ்கா 1990இல் கூத்தின் அரங்க முறையை எழுதினார். பாட்டு, கதை, சடங்கு மூன்றுக்கும் ஓரளவு நியாயம் கிடைத்துவிட்டது என்றே சொல்வேன். கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக்கு, அதாவது மரத்துக்கும் சாயத்துக்கும் மண்ணுக்கும், அந்த நியாயம் இன்னும் கிடைக்கவில்லை. ஒரு திருவிழாவுக்குள் ஆட்டக் கலையும் உருவக் கலையும் ஒன்றையொன்று நம்பி இருப்பதை யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் எழுதும்போது பிரித்துவிடுகிறோம்.

வேஷம் கட்டும் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். நடிகர் கைக்கண்ணாடியைக் காலிடுக்கில் நிறுத்திக்கொண்டு தன் முகத்தைத் தானே எழுதுகிறார். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. புருவத்துக்கு மேலும் கன்னத்தின் ஓரத்திலும் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. அதன் பிறகு கட்டை. எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத்தாள் ஒட்டி, கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். இன்னொருவர் பின்னால் நின்று கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுகிறார். இரவு முழுக்கச் சுழன்றாலும் அவிழக்கூடாத முடிச்சு அது. தோள் இரண்டு பங்காக அகன்று, தலை உயர்ந்து, இடுப்பில் பாவாடை விரிந்த பிறகு அந்த உடம்பால் சாதாரணமாக நடக்க முடியாது. கிறுக்கி அடித்துச் சுழல்வதற்கென்றே ஆன உடம்பு அது. கூத்தின் அடவுகளை மட்டும் தனியாக எடுத்துப் பயிற்சிக் கூடத்தில் ஆடிக் காட்டும்போது ஏதோ குறைவதாகத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். அடவுக்குப் பாதி வடிவத்தைக் கட்டை கொடுக்கிறது.

வெளிச்சத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தீப்பந்தத்திலும் பிறகு பெட்ரோமாக்ஸிலும் அந்தக் கண்ணாடித் துண்டுகள் விட்டுவிட்டு மின்னின. இன்றைய எல்.இ.டி. விளக்கு எல்லாவற்றையும் ஒரே அளவாகக் காட்டுகிறது. திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் பாடும்போது மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும் மட்டும் தெரியும் அந்தப் பிரவேசம் இன்னமும் சிலிர்க்க வைக்கிறது என்றால், கிரீடத்தைச் செதுக்கியவர்களின் கணக்கு அவ்வளவு துல்லியம்.

படுகளத்துக்கு வருவோம். கோயிலுக்கு எதிரே உள்ள வெளியில் வண்டி வண்டியாக மண் கொட்டி, மல்லாந்து கிடக்கும் துரியோதனனை எழுப்புகிறார்கள். பல ஊர்களில் குயவர் குடும்பங்களே இதைச் செய்கின்றன. பல பத்தடி நீளம். கைகால்களைக் குவித்து, ஈரக் கையால் தடவி வழவழப்பாக்கி, கண்ணும் மீசையும் கிரீடமும் வைத்து வண்ணம் பூசுகிறார்கள். தரையில் நிற்கும் நமக்கு முழு உருவமும் ஒரே பார்வையில் அகப்படாது. கால்மாட்டில் தொடங்கிச் சுற்றி நடந்துதான் பார்க்க வேண்டும். செய்கிறவர்களும் அப்படித்தான், முழுதாகப் பார்க்காமலேயே அளவு பிசகாமல் செய்கிறார்கள். எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டின் சமகாலச் சிற்பங்களில் மிகப் பெரியவற்றின் வரிசையில் இவையும் உண்டு.

தொடைக்குள் சிவப்பு நீர் நிறைத்த கலயம் புதைந்திருக்கும். பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் சண்டையிடுவார்கள். கட்டை கட்டிய துரியோதனன் ஓட, மண் துரியோதனன் கிடக்க, பீமனின் கதாயுதம் தொடையில் இறங்கும்போது ஆட்டமும் சிற்பமும் ஒரே ஆளாகிவிடும். திரௌபதி கூந்தல் முடிவாள். ஒப்பாரி எழும். கூட்டம் உள்ளே புகுந்து பிடிமண் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும். மாலையில் தீமிதி. காலையில் முடிந்த சிற்பம் பொழுது சாய்வதற்குள் மண்மேடு.

இந்தப் பருவத்துக்கு வெளியே கூத்துக்கு நிலையான இடம் தேடிய முயற்சிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று புரிசை என்னும் சிற்றூருடையது. அவ்வூர் நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்த பாதிப்பு முத்துசாமியை 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கும் வரை கொண்டுபோனது. கண்ணப்பத் தம்பிரான் பிரெக்டையும் மார்க்வெஸையும் கூத்துக்குள் கொண்டுவந்தார். அவர் நினைவாக நடக்கும் விழாவுக்கு வெளியூர்க் கலைஞர்களும் அந்தச் சிற்றூருக்கு வருகிறார்கள். மற்றொன்று பெருங்கட்டூர் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் அவர்கள் 2002இலிருந்து 2020 வரை நடத்திய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஆண்களே பெண் வேஷமும் கட்டிய கலையில் ஒரு பெண் துரியோதனனாகக் கட்டை கட்டி நின்றது சிறிய காரியமில்லை. பிரெக்டையும் மார்க்வெஸையும் தொட்ட புரிசையின் பயணத்தைவிட இதை நான் ஒரு படி மேலே வைப்பேன். அந்தக் குருகுலம் மூடப்பட்டது நம் எல்லோருக்கும் இழப்பு.

இரண்டு இடங்களும் ஆடுகிறவரை வளர்த்தன. படுகளத்து மண்காரருக்கு இப்படியொரு கூடம் கிடைக்கவில்லை. திருவிழா நோட்டீசில் கூத்துக் குழுவான ஜமாவின் பெயர், வாத்தியார் பெயர், பிரசங்கியார் பெயர் எல்லாம் இருக்கும். மண் உருவம் செய்தவர் பெயர் வருவது அபூர்வம். கலைக்கல்லூரி மாணவர்கள் ஒரு பருவம் இந்த ஊர்களில் தங்கி, எந்த மண், எத்தனை வண்டி, முதல் கோடு எங்கே போடுகிறார்கள், கழுத்து எப்படி உட்காராமல் நிற்கிறது என்று அவர்களிடமே கேட்டு எழுதலாம். கோயில் தர்மகர்த்தாக்கள் அடுத்த பங்குனி நோட்டீசில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம். ஜமாவுக்கு அச்சாரம் கொடுக்கப் போகும்போதே மண்காரர் வீட்டுக்கும் வெற்றிலை பாக்குத் தட்டோடு போகலாம்.