ஸ்க்ரம், எக்ஸ்பி, கான்பன்: மூன்று பாணிகளும் ஓர் உரைகல்லும்

2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடினார்கள்; அங்கேதான் அஜைல் என்ற மென்பொருள் உருவாக்கப் போக்கு பிறந்தது என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். உண்மையில் அங்கே நடந்தது பெயர்சூட்டு விழா. வந்தவர்கள் ஏற்கெனவே தத்தம் வழியில் ஊறியவர்கள். கென்ட் பெக் எக்ஸ்பி, அதாவது எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் ஸ்க்ரம். அலிஸ்டர் காக்பர்ன் கிரிஸ்டல் என்று தனிக்கடை வைத்திருந்தார். நான்கு மதிப்புகளில் உடன்பட்டார்கள். திங்கள்கிழமை காலை உட்கார்ந்து எப்படி வேலை செய்வது என்பதில் ஆளுக்கொரு வழி, அன்றும் இன்றும்.

இவற்றில் ஊரெல்லாம் பரவியது ஸ்க்ரம். ஜப்பானிய நிறுவனங்கள் புதுப் பொருள்களை உருவாக்கும் விதம் பற்றி டாக்கியூச்சி, நோனாக்கா இருவரும் 1986-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பெயரை எடுத்து, 1993-இல் ஈசல் நிறுவனத்தில் சதர்லண்ட் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஸ்ப்ரிண்ட் என்ற, ஒரு மாதத்துக்கு மிகாத வேலைச் சுற்று, தினமும் 15 நிமிடக் கூட்டம், முடிவில் செய்ததைக் காட்டுவது, பிறகு வேலை செய்த விதத்தைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ. இரண்டு நாள் வகுப்பில் கற்றுக்கொண்டு சான்றிதழோடு வந்துவிடலாம். பரவியதற்கு அதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். நிரலை, அதாவது கோடை, எப்படி எழுத வேண்டும் என்பது பற்றி ஸ்க்ரம் வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை. அதை டீமே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டது. பல டீம்கள் பார்த்துக்கொள்ளவில்லை. ஸ்ப்ரிண்ட் தவறாமல் நடக்கும். உள்ளே கோடு அழுகிக்கொண்டிருக்கும். ஸ்னோபேர்டுக்கு வந்திருந்த மார்ட்டின் ஃபவுலர் 2009-இலேயே இதைச் சுட்டிக்காட்டி எழுதினார்.

எக்ஸ்பி அந்த இடத்தில்தான் கை வைக்கிறது. கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்குத் திட்டத்துக்கு 1996-இல் பெக் போனார். அங்கே பழகியதை 1999-இல் புத்தகமாக்கினார். உதாரணத்துக்கு, வாரத்தில் 40 மணிக்கு மேல் உழைத்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி என்று ஒரு விதி. இருவர் ஒரே திரை முன்னால் உட்காருவார்கள். முதலில் எழுதுவது கணக்கை அல்ல, டெஸ்ட்டை: 42 மணி கொடுத்தால் 43 மணிக்கான கூலி வர வேண்டும். ஓட்டினால் சிவப்பு, வரத்தான் செய்யும், கோடு இன்னும் இல்லையே. பச்சையாகும் அளவுக்கு மட்டும் எழுதுவார்கள். பிறகு பச்சை மாறாமல் கோடைத் துப்புரவு செய்வார்கள். அடுத்தது, சரியாக 40 மணி வந்தால்? இப்படியே நாள் முழுக்க. பார்க்க மந்தமாகத்தான் இருக்கும். கிரைஸ்லர் திட்டம் 2000-இல் நிறுத்தப்பட்டதை எக்ஸ்பியைப் பிடிக்காதவர்கள் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். திட்டம் போனது, பழக்கங்கள் நிலைத்தன.

கான்பனுக்கு அடிப்படையான லீன் பாணியின் வேர் மென்பொருளிலேயே இல்லை; தறியில் இருக்கிறது. சகிச்சி டொயோடா 1924-இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறியில் பாவு நூலோ ஊடையோ அறுந்தால் தறி தானே நின்றுவிடும். பழுதுத் துணி ஒரு சாண்கூட நீளாது. அதனால் ஒருவரே பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. டொயோட்டா உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோ டொயோடா குடும்பத்தின் நெசவாலையிலிருந்து கார் ஆலைக்கு வந்தவர். பழுதைக் கண்டவர் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம் என்பது அங்கே விதியாயிற்று. மேரி, டாம் பாப்பன்டீக் தம்பதி 2003-இல் இதை மென்பொருளுக்கு எடுத்துவந்தார்கள்.

கான்பனின் முதல் கதையில் ஹைதராபாத்துக்கும் பங்கு உண்டு. 2004-இல் மைக்ரோசாஃப்ட்டின் உள்பயன்பாட்டு மென்பொருள்களைப் பராமரித்த ஒரு சிறு டீம் அங்கே இருந்தது, மேனேஜர் அமெரிக்காவில், ரெட்மண்ட் தலைமையகத்தில். ஒரு கோரிக்கை முடிய ஏறத்தாழ ஐந்து மாதம். ஆள் போதாது என்றுதான் யாருக்கும் தோன்றும். பின்னாளில் கான்பன் முறையை வகுத்த டேவிட் ஆண்டர்சன் உதவியோடு பார்த்தபோது, புதிதாக வரும் ஒவ்வொன்றுக்கும் எஸ்டிமேட் கொடுப்பதிலேயே நேரம் கரைவது தெரிந்தது. அவற்றில் பல கடைசிவரை எடுக்கப்படவே இல்லை! எஸ்டிமேட்டை நிறுத்தினார்கள், கையில் எடுக்கும் வேலைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். காத்திருப்பு இரண்டு வார அளவுக்கு இறங்கியது.

பெரிய நிறுவனங்களுக்கென்று 2011-இல் வந்த சேஃப் முறையை ஒரு பாணியாகச் சேர்க்க எனக்கு மனமில்லை. பாதிப் பெயர்கள் புதிது, அதிகார அடுக்கு பழையது.

ஆக, உரைகல் எது? என் கணக்கில், பழுது கண்டதும் நிற்கத் தெரிகிறதா என்பதுதான். பில்ட் சிவப்பானால் எக்ஸ்பி டீமில் எல்லாரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அதைப் பார்க்க வேண்டும். பல அலுவலகங்களில் “அது தெரிஞ்ச ஃபெயிலியர்தான், விடுங்க” என்று வாரக்கணக்கில் சிவப்பிலேயே ஓடுகிறது. கான்பன் போர்டில் வரம்பு மூன்று என்று எழுதியிருக்கும், கீழே ஏழு டிக்கெட். ஸ்ப்ரிண்டில் இவ்வளவு முடிப்போம் என்பது வாக்குறுதி அல்ல, முன்கணிப்பு என்று ஸ்க்ரம் வழிகாட்டி 2011-இலேயே திருத்திக்கொண்டது, ஆனால் சென்னை ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் அமெரிக்க நேரத்துக்கு நடக்கும் ஸ்டாண்ட்-அப்பில் கிளையன்டிடம் அதை யார் சொல்வது? வேலையின் அளவை மதிப்பிட வந்த ஸ்டோரி பாயின்ட்டும் அப்படித்தான் இலக்காகிப்போனது. அதைத் தாமே கண்டுபிடித்திருக்கலாம், அப்படியானால் வருந்துவதாக எக்ஸ்பி முன்னோடி ரான் ஜெஃப்ரீஸ் எழுதிவிட்டார்.

2018-இல் வந்த ‘ஆக்ஸிலரேட்’ நூல் நான்கு அளவைகளை முன்வைத்தது: எத்தனை முறை ரிலீஸ், எழுதிய கோடு பயனரை அடைய எவ்வளவு நேரம், ரிலீஸில் எத்தனை சதவீதம் சொதப்புகிறது, சொதப்பினால் மீள எவ்வளவு நேரம். பாணி எதுவானாலும் இவை பொருந்தும். இவற்றை எடுத்துப் பார்க்க வசதியில்லாத டீமில் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: பில்ட் கடைசியாக எப்போது உடைந்தது, யார் சரிசெய்தார்கள்? சிலர் டிக்கெட்டுகளைப் பதியும் ஜிராவைத் திறந்து தேடத் தொடங்குவார்கள். “காலையில பத்து மணிக்கு சார், நாங்க ரெண்டு பேரும்தான்” என்று உடனே பதில் வரும் டீமில் போர்டைப் பார்க்கக்கூட நான் கேட்பதில்லை.