மோட்டாருக்கேற்ற விசிறி

மின்சார மாதிரி விமான மோட்டாரில் '1000 கேவி' என்றிருந்தால், சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் ஏறத்தாழ 1000 சுற்று. 11.1 வோல்ட் பேட்டரியில் அது 11,100. விசிறியை மாட்டியதும் இந்த எண் இறங்கிவிடும். ரசனையே அங்கேதான் தொடங்குகிறது. 10-க்கு 5 விசிறி என்றால் விட்டம் 10 அங்குலம். பிட்ச் 5, அதாவது வழுக்கலின்றி ஒரு சுற்றில் முன்னேறும் அங்குலம். பிட்சும் சுழல்வேகமும் மாறாமல் விட்டத்தை மட்டும் 10 சதவீதம் கூட்டினாலே, தேவைப்படும் திறன் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். ஓர் அங்குலத்துக்கு எவ்வளவு பசி!

மெல்ல மிதக்கும் விமானத்துக்குப் பெரிய விட்டம், குறைந்த பிட்ச், சீறிப் பாயும் விமானத்துக்கு இதற்கு நேர்மாறு. விசிறி பொருத்தமாக அமைந்து, பறந்து இறங்கிய மோட்டாரில் விரல் வைத்தால் இதமான சூடு மட்டுமே தெரிவது எனக்குப் பெரிய இன்பம். புது விசிறி மாட்டினால், வாட்மீட்டரில் ஆம்பியரைப் பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள்.