கைலாசபதியின் நாவலாய்வு: முதற்பதிப்பை முன்வைத்து

யாழ். இந்துக் கல்லூரியில் ஒருகாற் பயின்ற பேராசிரியர் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் முதற்பதிப்பாக வெளிவந்தது. இன்று அப்பதிப்பைத் தேடிப்பெற்றுப் பேழையிற் பூட்டிவைக்கும் ஆர்வலரும் உளர். 1981இல் பொதுநூலகம் எரியுண்டு ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த மண்ணில் அவ்வச்சம் இயல்பே. ஆயினும் பூட்டிய நூல் யாருக்குப் பயன்படும்?

மறுபதிப்பிற் படிப்போர் அந்நூற் கருத்துக்களை முடிந்த முடிபெனக் கொள்ளல் கூடும். 1968 என்னும் ஆண்டைத் தாங்கிய ஏட்டிற் படிப்போர்க்கோ அஃது ஒரு வாதம் என்பது புலனாகும். இரசனையே திறனாய்வெனக் கருதியோர் பலராயிருந்த காலத்தில், சமுதாய மாற்றமே நாவலென்னும் வடிவைத் தோற்றுவித்தது என நிறுவ முற்பட்டார் அவர். நாவல் ஏன் தோன்றியது என்னும் வினாவிற்கு அவர் தரும் விடை இன்றும் வலிமை குன்றாதது. ஆனால், ஒரு நாவலாசிரியரின் நடை மற்றொருவர் நடையினின்று எவ்வாறு வேறுபடுகின்றது என்று கேட்குமிடத்து அவ்வளவுகோல் போதாது.

நல்லூரார்க்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வரும். தமிழ் வசனநடையை வளர்த்த ஆறுமுக நாவலர் மறைந்த 1879ஆம் ஆண்டிலேயே வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறிற்று. நடையின் வரலாற்றையும் சமுதாய வரலாற்றையும் ஒருங்கு நோக்கும் மறுமொழியொன்று கைலாசபதிக்கு எழுதப்படல் வேண்டும். அதனை எழுதக்கூடிய மாணவரின் கைக்கெட்டும் தட்டில் இந்நூல் இருக்கட்டும்.