தலை எண்ணும் இடம்

கூட்டணி ஆட்சி நிலையாது என்பாரிடம் சான்று வினவின், அவர் முதலிற் காட்டுவது இத்தாலியையே. 1946இல் குடியரசான அந்நாட்டில், 2022 அக்டோபரில் பதவியேற்ற மெலோனியின் அமைச்சரவை 68ஆவது. ஓர் அமைச்சரவையின் சராசரி ஆயுள் ஓராண்டுக்குச் சற்றே மேல். பேரா மாநிலத்தில் 2009இல் நிகழ்ந்த ஆட்சி மாற்றத்தையும் அவ்வரிசையில் வைத்து, மூன்று கட்சிகள் கூடினால் முடிவு இதுவே எனக் கூறுவோர் உளர். இக்கூற்று ஆராய்தற்குரியது. பேராவில் முறிந்தது கூட்டணிதானா, அன்றி வேறொன்றா?

2008 மார்ச் 8ஆம் நாள் நடந்த தேர்தலில், 59 இடங்கள் கொண்ட பேரா சட்டமன்றத்தில் ஜனநாயகச் செயல் கட்சி 18, மக்கள் நீதிக் கட்சி 7, பாஸ் கட்சி 6 என மூன்றும் சேர்ந்து 31 இடங்கள் பெற்றன. தேசிய முன்னணிக்குக் கிட்டியவை 28. மந்திரி புசார் பதவியோ மூன்றனுள் மிகச் சிறிய பாஸ் கட்சியின் நிஜார் ஜமாலுதீனுக்குச் சென்றது. சுல்தானின் விலக்கு இன்றேல் மலாய் முஸ்லிமே அப்பதவிக்கு உரியவர் என்னும் மாநில அரசமைப்பு விதி இதற்கு ஒரு காரணம். சிறிய கட்சி தலைமை தாங்கியதே கேடாயிற்று என்பது பொருந்தாது. இத்தாலியில் 1983இல் பிரதமரான சோஷலிஸ்டுத் தலைவர் கிராக்ஸியின் கட்சியும் கூட்டணியுட் பெரியதன்று. அவர் ஏறத்தாழ நான்காண்டு ஆண்டார்.

ஈப்போவில் ஆட்சியைக் கவிழ்த்தவர் தனி மனிதர். 2009 சனவரி 25ஆம் நாள் அம்னோவின் போத்தா உறுப்பினர் மக்கள் நீதிக் கட்சிக்குத் தாவினார். ஆளுங்கூட்டணி அவரை மகிழ்ந்து ஏற்றது. பத்து நாள் அளவில் அவர் அம்னோவுக்கே மீண்டார். பேராங், சங்காட் ஜெரிங், ஜெலாப்பாங் தொகுதிகளின் உறுப்பினர் மூவரும் தத்தம் கட்சியை நீங்கித் தேசிய முன்னணிக்கு ஆதரவளித்தனர். 31 உடையார் 28 ஆயினர். 28 உடையார் 31 ஆயினர். மூன்று கட்சிகளுள் ஒன்றேனும் கூட்டணியை விட்டு விலகவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தாவலை முதலில் வரவேற்றவர்களே பின்னர் அதனால் வீழ்ந்தனர் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது.

சட்டமன்றத்தைக் கலைக்குமாறு நிஜார் வேண்டினார். சுல்தான் அஸ்லான் ஷா இசையவில்லை. பிப்ரவரி 6ஆம் நாள் தேசிய முன்னணியின் சாம்ரி அப்துல் காதிர் பதவியேற்றார். மார்ச் 3ஆம் நாள் சபாநாயகர் வி. சிவகுமார் அவையைக் கூட்டியபோது மாநிலச் செயலக வாயில் அடைக்கப்பட்டிருந்தமையால், உறுப்பினர் அருகிலிருந்த மரத்தடியிற் கூடினர். மே 7ஆம் நாள் அவை கூடியபோது, சிவகுமார் பலவந்தமாக அகற்றப்பட்டு, ம.இ.கா.வைச் சேர்ந்த ஆர். கணேசன் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். ஒரே நாளில், ஒரே இருக்கைக்கு இருவர். அவர்களுள் எவர் நடுவர் என்பதை முடிவு செய்யும் வழி மட்டும் அவைக்குள் இல்லாதொழிந்தது.

பின்னர் வழக்கு. மே 11ஆம் நாள் உயர்நீதிமன்றம் நிஜாரே உரிய மந்திரி புசார் என்றது; மே 22ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது; 2010 பிப்ரவரி 9ஆம் நாள் கூட்டரசு நீதிமன்ற நீதிபதிகள் ஐவரும் சாம்ரிக்கே ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பெரும்பான்மை இழந்தமையை அவையின் வாக்கெடுப்பால் மட்டுமே நிறுவவேண்டும் என மாநில அரசமைப்பு யாண்டும் கூறவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அது வலுவற்ற வாதமன்று. நைஜீரிய மேற்கு மண்டல வழக்கில் 1963இல் பிரிவி கவுன்சில் கொண்ட கருத்தும் அதுவே. ஆயினும், சரவாக் முதல்வர் காலோங் நிங்கானை நீக்கிய வழக்கில், 1966இல் கூச்சிங் உயர்நீதிமன்றம் உறுப்பினர் கையொப்பமிட்ட கடிதம் போதாது, அவையின் வாக்கே வேண்டும் என்றது. இந்திய உச்சநீதிமன்றமும் 1994இல், பொம்மை வழக்கில், பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டமன்றமே என உரைத்தது. எழுத்தில் இல்லாததைச் சேர்க்க மறுத்த கூட்டரசு நீதிமன்றம், விதியின் சொல்லைக் காத்தது. விதி காக்கவந்த அவையைக் காக்கவில்லை.

இத்தாலிய அமைச்சரவைகளுட் பெரும்பாலானவை கட்சிப் பேரங்களால் அவைக்கு வெளியே வீழ்ந்தவை. எனினும் புதிய அமைச்சரவை பத்து நாட்களுக்குள் இரு அவைகளின் முன் வந்து, பெயர் கூப்பிட்டு எடுக்கும் வாக்கில் நம்பிக்கை பெறவேண்டும் என அரசமைப்பின் 94ஆம் விதி கட்டளையிடுகிறது. 1998இல் பிரோடி 312க்கு 313 என ஒரே வாக்கில் தோற்றார். எவர் பிரதமர் என்ற ஐயம் எழவில்லை. பேராவிலோ புதிய ஆட்சி பதவியேற்று மூன்று திங்கள் கழிந்தே அவை கூடிற்று.

வேறு வழி பேராவுக்குத் தெரியாததன்று. 2020 டிசம்பர் 4ஆம் நாள் மந்திரி புசார் அகமட் பைசால் அசுமு மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாதது 1. டிசம்பர் 10ஆம் நாள் அம்னோவின் சாரானி முகமட் பதவியேற்றார். இம்முறை உண்மையிலேயே ஆளுங்கூட்டணி பிளவுற்றிருந்தது. ஆயினும் ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கிற்று. 2009இல் கூட்டணி உடையவில்லை. வழக்கு ஓராண்டு நீடித்தது. வேறுபாடு கூட்டணியில் இல்லை, எண்ணிய இடத்தில் இருந்தது.

2022இல் நாடாளுமன்றம் கட்சித் தாவல் தடைச் சட்டம் இயற்றிற்று. நன்று, ஆயினும் அது தாவும் தனி உறுப்பினரையே கட்டுப்படுத்தும். ஒரு கட்சி முழுமையாக அணி மாறினால் தடையில்லை. எனவே அவையில் எண்ணும் கடமை சட்டத்தால் நீங்கிவிடவில்லை.

பேராவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் ஈப்போவின் புந்தோங் போன்ற இடங்களிற் குடியேறிய தமிழர் பலர். விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட, ஆள் நேரில் நின்று குரல் கொடுத்தால்தான் அன்றைய கூலி பதிவாகும் என்பதை அவர்கள் அறிவர். வந்தான் என்று எவர் சொன்னாலும் அது பெரட்டாகாது. அவர்களுடைய வாக்கினால் அமையும் சட்டமன்றம் அத்தோட்டக் களத்தினும் குறைந்த ஒழுங்குடையதாக இருத்தல் தகுமோ?