செலொப்பியாத்தின் குமாரத்திகளும் நம் பிரசங்கங்களும்

பெண்கள் ஞாயிறு ஆராதனைகளில் எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிப்போர் பலர். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்னும் ஐந்து சகோதரிகள் மோசேக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக நின்று, தகப்பனுடைய சுதந்தரத்தைக் கேட்டுப் பெற்றனர். பெண்ணுக்குச் சொத்துரிமை அளித்த முதற்சட்டம் இதுவே என்றும், புறஜாதியார் இத்தகைய நீதியை அறியார் என்றும் நாம் கூறி முடிக்கிறோம். இவ்விளக்கம் மறு ஆய்வுக்குரியது.

முதலாவதாக, இச்சட்டம் குமாரன் இல்லாத வீட்டிற்கே உரியது. குமாரன் இருப்பின் குமாரத்திக்குப் பங்கில்லை. அன்றியும், 36ஆம் அதிகாரத்தில் கோத்திரத் தலைவர்கள் முறையிட, இச்சகோதரிகள் தங்கள் கோத்திரத்திற்குள்ளேயே மணம் செய்யவேண்டும் என்று விதிக்கப்படுகிறது. 27ஐ வாசித்து 36ஐ விட்டுவிடுவது நேர்மையான வியாக்கியானம் ஆகாது.

இரண்டாவதாக, புறஜாதியார் இந்நீதியை அறியாதவர் அல்லர். கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டின் இறுதியில் சுமேரிய நகராகிய லகாஷை ஆண்ட குதேயா, மகன் இல்லாத வீட்டிற்கு மகளையே வாரிசாக்கியதாகத் தன் சிலையொன்றில் பொறித்துள்ளான்.

மூன்றாவதாக, சட்டநூல் வேறு, வழக்காறு வேறு. நைல் நதியின் எலிபந்தைன் தீவில் வாழ்ந்த யூதர்களின் கி.மு. 5ஆம் நூற்றாண்டு அரமேய ஆவணங்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றில் மக்சேயா என்பவர் தம் மகள் மிப்தாகியாவுக்கு வீட்டை எழுதிவைத்து, அவள் விரும்பியவருக்கு அதைக் கொடுக்கலாம் என்கிறார். அவளது திருமண ஒப்பந்தமோ, சபையில் எழுந்து நின்று கணவனை விலக்கும் உரிமையை அவளுக்கும் அளிக்கிறது. எகிப்திய வழக்கத்தின் சாயல் இதில் இருக்கக்கூடும். ஆயினும், யூதப் பெண்ணுக்கு எந்நாளும் எவ்வுரிமையும் இருந்ததில்லை எனும் கூற்று இதன்முன் நிற்காது.

இவ்வாறு கூறுவது வேதத்தின் மதிப்பைக் குறைப்பதன்று. முறையீட்டைக் கேட்டுச் சட்டத்தைத் திருத்திய தேவனையே அவ்வதிகாரம் காட்டுகிறது. முடிந்துபோன வெற்றியை அன்று.

இவ்வேறுபாடு நமக்கும் உரியது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், மகனுடைய பங்கில் கால்பகுதி அல்லது ரூ. 5,000, இவற்றுள் குறைந்ததையே மகளுக்கு வைத்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியபோது, மகிழ்ந்து வரவேற்பதற்குப் பதிலாக எதிர்த்த குரல்கள் சபைகளுக்குள்ளிருந்தே எழுந்தன. அவர்களும் எண்ணாகமம் 27ஐ வாசித்தவர்களே. நம் பிரசங்கம் பழைய வெற்றியைப் புகழ்வதோடு நின்றுவிடின், கூடாரவாசலில் இன்று நிற்கும் சகோதரியின் முறையீடு நம் செவிகளில் விழாது.