இந்தோனேசியக் கலை கடல் கடப்பது எப்படி?

கொரிய நாடகம், துருக்கித் தொடர் என்றிருந்த எங்கட வீடுகளுக்குள் இப்போது இந்தோனேசியப் பேய்ப்படங்களும் வந்துவிட்டன. இருபது கோடிக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வாழும் நாடாயிற்றே என்று பெருமைப்படுவோர் உண்டு. ஹராம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோரும் உண்டு. இரு சாராருமே படைப்பைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை.

2011இல் வெளிவந்த 'த ரெய்ட்' படத்தை எடுத்துக்கொள்வோம். இயக்குநர் கரெத் எவன்ஸ் வேல்ஸ் நாட்டவர். நாயகன் இக்கோ உவைஸ் சிலாட் பயின்றவர். உலகம் அதன் சண்டையைத்தான் கொண்டாடியது. ஆனால் படம் தொடங்குவது நாயகனின் தொழுகையோடு. அதற்கு விளக்கமில்லை, பிரசங்கமில்லை. வேலைக்குப் போகும் ஒரு மனிசனின் காலைப்பொழுது, அவ்வளவுதான்.

ஜோக்கோ அன்வாரின் 'பெங்காப்டி செத்தான்' (2017) இன்னும் சிக்கலானது. 1980இல் வந்த அதே பெயர்ப் படத்தின் மறுஆக்கம் அது. பழைய படத்தில் மார்க்க அறிஞர் வந்து ஓதி, தீமையை வெல்கிறார். புதிய படத்தில் உஸ்தாத் தோற்றுப்போகிறார். தொழுது நிற்கும் மகளுக்கு முன்னாலேயே பேய் வருகிறது. இது ஈமானை இழிவுபடுத்துகிறது என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. தாயின் நோயும் கடனும் அரித்துத் தின்ற ஒரு குடும்பத்தின் தனிமையையே படம் காட்டுகிறது. ஆனால் அந்த வெற்றியின் பின்னால் படையெடுத்த பேய்ப்படங்கள் பலவற்றுக்கு அந்தக் குடும்பம் தேவைப்படவில்லை. வெள்ளைத் தொழுகையுடுப்பு மட்டுமே தேவைப்பட்டது. அங்கேதான் கலை மலிவுச் சரக்காகிறது.

ரத்தி குமாலாவின் நாவலைத் தழுவிய 'காதிஸ் கிரெத்தெக்' (2023) நெட்பிளிக்ஸ் வழியே பல நாடுகளுக்குப் போனது. கராம்புச் சுருட்டுக்கான கலவை அறைக்குள் பெண் நுழையக்கூடாது என்ற வழக்கத்தை எதிர்க்கும் ஒருத்தியின் கதை. அழகான காதல் கதைபோல நகர்ந்து, 1965இன் அரசியல் வேட்டையைத் தொடுகிறது. பல இலட்சம் பேர் கொல்லப்பட்ட அந்தக் காலத்தைப் பற்றி சுகார்த்தோவின் ஆட்சியில் வாய்திறக்க முடியாதிருந்தது. ஐந்து பாகத் தொடர் அந்தக் காயத்தை முழுதாகத் திறக்கவில்லைதான். ஆனாலும் மூடியும் வைக்கவில்லை.

மேற்கு ஜாவாவின் காருத்தைச் சேர்ந்த 'வொய்ஸ் ஒஃப் பாசெப்ரொட்' குழுவின் கதை வேறு. பள்ளி மாணவிகளாக 2014இல் சேர்ந்த மூன்று பெண்கள், ஹிஜாபுடனேயே 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மேடையேறினார்கள். 'பாசெப்ரொட்' என்றால் சுண்டா மொழியில் இரைச்சல். ஊரிலே இசை பாவம் என்று ஏச்சு. மேற்கிலே முக்காட்டைப் பற்றியே கேள்வி. இரண்டு பக்கமும் பார்த்தது துணியைத்தான். பாட்டைக் கேட்டவர்கள் குறைவு.

சரி, இதெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு? ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிமும் ஜாவா முஸ்லிமும் ஒரே கதையைத் தத்தம் மொழியில் ஓதினார்கள். 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய 'ஆயிர மசலா' ஜாவானிய மொழியிலும் வழங்கிய நூல்தான். இரு தரப்பாரும் அதைத் தங்கள் யாப்பில், தங்கள் சபைக்காகவே ஆக்கிக்கொண்டனர். பிறருக்கு விளங்குமா என்று அஞ்சியிருந்தால் இரண்டுமே பிறந்திராது.

இன்றைய எங்கட சிறுகதைகளிலோ 'மௌத்து' என்றெழுதிவிட்டு உடனே அடைப்புக்குள் 'மரணம்' என்று எழுதுகிறோம். கந்தூரிக்கும் கத்தத்துக்கும் அடிக்குறிப்புப் போடுகிறோம். கேட்காதவனுக்கு விளக்கம் சொல்லும் இந்தப் பழக்கம் கதையின் மூச்சை அடைக்கிறது. நல்ல இந்தோனேசியப் படைப்புகள் முதலில் தன் ஊராரோடு பேசுகின்றன. மற்றவர்கள் கதவோரம் நின்று கேட்டு விளங்கிக்கொள்கிறார்கள். அந்தத் துணிவை நாம் கற்கலாம். பேய்களை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.